மச்சினனின் வண்டிக்கு ரப்பர்பால் பூசிய கார்த்திகை

எங்கள் மாவட்டத்தில் குளிர்காலம் என்று உருப்படியாக ஒன்று கிடையாது. ஐப்பசியில் மழை கொட்டும், கார்த்திகையில் தூறும், மார்கழியில் விடியற்காலம் மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைப்போம். அதற்கே பக்கத்து வீட்டுக்காரர் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவார். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, குளிர்காலத்தில் ஒரு பைக்கின் பெயின்டைத் துரு தின்றுவிடாமல் காப்பது எப்படி என்று நான் இரண்டு மாதம் சோறு இறங்காமல் அலைந்தேன் என்றால், அதற்குக் காரணம் கனடாவில் கொட்டிய பனி.

பனிக்குள் இருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. நர்ஸ் வேலைக்குப் போனவன். போகும்போது தன்னுடைய பைக்கை நெய்யூரில் இருக்கும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மெரூன் நிறம், கனத்த சத்தம், பெட்ரோல் டேங்கின் இரு பக்கமும் பொன்னிறத்தில் ஒரு கோடு. நர்சிங் முடித்ததும் என் மாமனார் வாங்கிக் கொடுத்தது. மாமனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது, "எனக்க மகனுக்க வண்டியில இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் காட்ட முடியுமா?" என்று சும்மா போகிறவர்களிடம் கேட்பார். அவர்கள் காட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

என் மனைவி வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் சிரிக்க வைக்கிறவன். கல்யாணம், துக்கம், புது வீட்டில் பால் காய்ச்சுவது எதுவானாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் ஒரு வேலையும் தரமாட்டார்கள். பந்தி விசாரிக்க ஒருவர், வேன் ஏற்பாட்டுக்கு ஒருவர், ஸ்பீக்கர்காரனோடு சண்டை போட ஒருவர் என்று பங்கு வைத்துக்கொண்டே வரும் மாமனார், என் முறை வந்ததும், "நீரு அங்க சும்ம இரியும் மாப்ள, அது போதும்" என்பார். இருபது வருடமாகச் சும்மா இருந்து இருந்து, அதில் நான் நல்ல பெயர் எடுத்திருந்தேன்.

அப்படிப்பட்டவனிடம் மச்சினன் சாவியை நீட்டினான். "அத்தான், உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அஞ்சுகிராமத்தில் மாமனார் வீட்டில் நான்கு கார் நிற்கும் ஷெட் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. இருந்தும் வண்டியை அங்கே விடாமல் மாவட்டத்தைக் குறுக்கே கடந்து என்னிடம் கொண்டுவந்தான் என்றால்? என் கண் கலங்கிவிட்டது. சமையலறையில் போய்த் துடைத்துக்கொண்டு வந்தேன். மனைவி, "உள்ளி நறுக்கவும் மாட்டிய, பின்ன எதுக்கு அழுகிய?" என்று கேட்டாள்.

அவன் சொன்ன விதிகள் எளியவை. வண்டியை உறை போட்டு வைக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். வெளியே எடுக்கக் கூடாது. "முக்கியமா கடக்கரைப் பக்கம் கொண்டு போயிராதிய அத்தான். உப்புக் காத்து பெயின்ட தின்னுரும்."

நான் வேலை பார்ப்பது குளச்சல் பக்கம் கடற்கரையில் ஒரு ஐஸ் பிளாண்டில். ஐஸ் கட்டி எப்படி உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. பெரிய தொட்டி நிறைய உப்புக் கரைசல், அதைக் குளிரவைத்து, நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகர டின்களை உள்ளே இறக்குவார்கள். டின்னைத் தூக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும். வாசலில் நிற்கும் மீன் வண்டிகள் அதே வேலையைச் சாலை நெடுகச் செய்துகொண்டு போகும். இது போதாதென்று முன்னால் கடல். மாவட்டத்தில் ஒரு இரும்பைக் கொல்ல வேண்டும் என்றால் அதைக் கொண்டுவந்து நிறுத்த இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

முதல் வாரம் விதிப்படி வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அந்தச் சத்தம் நாற்பத்தெட்டு வயதுக்காரனின் வயிற்றுக்குள் புகுந்து எதையோ தட்டி எழுப்பியது. இரண்டாம் வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். டயர் ஒரே இடத்தில் அமுங்கி நிற்கக் கூடாது அல்லவா? மூன்றாம் வாரம் திங்கள்சந்தை வரை. நான்காம் வாரம் முதல் ஐஸ் பிளாண்டின் வாசலில் நிழல் இருந்த ஒரே இடத்தில், டின் தூக்கும் கிரேனுக்கு நேர் கீழே, தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என் மச்சினனின் வண்டி நின்றது. என் ஸ்கூட்டர் தகரச் சாய்ப்பில் உறைக்குள் பத்திரமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பைக் நிற்பதுபோலவே இருக்கும்படி அதன் மேல் ஒரு தலையணையையும் வைத்திருந்தேன்.

ஐப்பசி நடுவில் கனடாவிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அத்தான், இங்க ஸ்னோ தொடங்கியாச்சு. ரோட்டுல வழுக்காம இருக்கதுக்கு உப்ப அள்ளிப் போடுதாவ பாத்துக்கிடுங்க. எனக்கக் கூட வேல பாக்குறவனுக்க காரு, கதவுக்கு அடியில பப்படம் மாதிரி பொரிஞ்சு நிக்கி. ஒரு குளிருதான் ஆச்சு. நம்ம வண்டி கவருக்குள்ள சொகமா இருக்கில்லா?"

"ராஜா மாதிரி இருக்குடே" என்று பதில் அனுப்பிவிட்டு வாசலுக்கு ஓடினேன். ராஜாவின் தலையில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். டேங்கின் இடது பக்கம், அடி விளிம்பை ஒட்டி, பெயின்ட் ஒரு கடுகளவு உப்பியிருந்தது.

பப்படம்.

ஒரு மனிதன் இருபது வருடத்தில் முதல்முறையாக என்னை நம்பி ஒரு பொருளைத் தந்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருகிறான். வந்து உறையைத் தூக்கிப் பார்க்கும்போது நான் ராஜா என்று சொன்னது என்ன ஆகும்? "அவருட்ட குடுத்தா இப்படித்தான்" என்று மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் சொல்லும். அதில் என் மனைவியின் குரல்தான் முன்னால் கேட்கும்.

வெப்ராளம் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. மனசு கிடந்து அடித்துக்கொள்வது. எனக்கு அது வந்தால் அறிவு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். முதலில் அந்தக் கொப்புளம் வளர்கிறதா என்று பார்க்க அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். திங்கட்கிழமை கடுகு. வியாழக்கிழமை வெந்தயம். அடுத்த செவ்வாய்க்கிழமை உளுந்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அடுத்து என்ன, புளியங்கொட்டையா? இஞ்ச பாருங்க, வண்டிய வெளிய எடுக்காதியன்னு அவன் சொன்னப்ப நானும் இஞ்சதான் நின்னேன். உளுந்த எடுத்த இடத்துல வைங்க. நாளைக்கு இட்டலிக்குப் போடணும்."

அடுத்த வேலை, கழுவுவது. உப்பு ஒட்டினால்தானே துரு? ஐஸ் பிளாண்டில் தினமும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். பத்து நாள் ஆகியிருக்கும். எங்கள் கம்ப்ரசர் ஆபரேட்டர், கடற்கரைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பீடியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"சாரே, இந்த வெள்ளம் எங்க கோருதிய?"

"இந்தக் கெணத்துலதான்."

"இந்தக் கெணத்து வெள்ளத்த வாயில வச்சிருக்கியளா?"

வைத்துப் பார்த்தேன். கடலுக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் அலை மட்டும்தான்.

"உப்ப உப்பு வெள்ளத்துல கழுவுதிய. நாங்க கருவாட்டுக்கு இதத்தான் செய்வோம்," என்றார். "இன்னும் ரெண்டு வெயிலு கிட்டுனா வண்டி நல்ல பக்குவமா வரும் சாரே."

அன்று முதல் பிளாண்டில் எல்லாரும் அந்த வண்டியைக் கருவாடு என்றுதான் சொன்னார்கள். "சாருக்க கருவாட்ட கொஞ்சம் தள்ளி வையிங்கடே, லோடு ஏத்தணும்."

மறுநாள் நெய்யூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் குனிந்து கொப்புளத்தைப் பார்த்தார். விரலால் ஒரு தட்டு தட்டினார். இன்னொரு தட்டு. பிறகு நிமிர்ந்து, "இது யாருக்க வண்டி?" என்றார்.

"மச்சினனுக்க வண்டி."

"ஓ," என்றார். ஏனோ அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல வெள்ளத்துல கழுவி, ஈரம் இல்லாமத் தொடச்சு, மெழுகு தடவி வைங்க. இத நான் சொரண்டி, கலர் சேத்து அடிச்சுத் தாறேன். ரெண்டு மூணு நாளு இங்க கெடக்கணும்."

இதுதான் சரியான வழி. இன்றைக்கும் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்: நல்ல தண்ணீர், உலர்ந்த துணி, மெழுகு. ஆனால் மூன்று வாரம் சோறு இறங்காமல் கவலைப்பட்டவனுக்கு மெழுகு என்பது ஒரு அவமானம். அவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவு சின்ன மருந்தா? தவிர அவர் கடை மெயின் ரோட்டில், சர்ச்சுக்கு எதிரே. என்னைத் தெரிந்த முகங்கள் தினம் நூறு கடக்கும் இடம்; விஷயம் மாமனார் காதுக்குப் போய்விடும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் யோசித்த ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் செலவு வந்திருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து மச்சினன் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே யாரோ ஒருவர் தன் பைக் முழுக்க எதையோ தெளிக்கிறார். அது காய்ந்து கண்ணாடிபோல் ஒரு தோலாகிறது. குளிர்காலம் முடிந்ததும் தோலை உரிக்கிறார். உள்ளே வண்டி நேற்றுக் கடையில் எடுத்ததுபோல் மின்னுகிறது. "கொள்ளாம் இல்லியா அத்தான்?" என்று கீழே எழுதியிருந்தான்.

பூசினால் காயும், காய்ந்தால் உரியும், உரித்தால் பளபளக்கும். இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? சட்டென்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் வடக்கே மலையோரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும்போது, ரப்பர் மரத்துச் சிரட்டையில் வடிந்திருக்கும் பாலை முழங்கை வரை பூசிக்கொண்டு வெயிலில் நிற்போம். காய்ந்ததும் உரித்தால் கையுறை மாதிரி முழுசாக வரும். கனடாக்காரன் காசு கொடுத்து வாங்கும் சாமானம், எங்கள் மாவட்டத்தில் மரத்திலிருந்து சொட்டுகிறது! உரிக்கும்போது கையில் இருந்த முடியும் கூடவே வந்து, நாங்கள் அலறியதும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். அது வரவில்லை.

குலசேகரம் பக்கம் என்னோடு பள்ளியில் படித்த ஒருவனுக்கு நூறு மரம் இருக்கிறது. மழை விட்ட ஒரு காலையில் அவனிடம் ஒரு கேன் பால் வாங்கினேன். கட்டியாகிவிடாமல் இருக்க அம்மோனியா நான்கு சொட்டு ஊற்றித் தந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரிக்கக்கூட இல்லை.

"லேய், இது ரப்பர் ஷீட் அடிக்க உள்ள பாலு. பெயின்டு இல்ல மக்கா."

"சயின்ஸ்டே. உனக்கு வெளங்காது."

"பத்தாங்கிளாஸ்ல சயின்ஸ்ல நீ எத்தன மார்க்குலே?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுவர் வெள்ளையடிக்கும் பிரஷால் டேங்க் முழுக்க மூன்று கோட் பூசினேன். பூசும்போது அழகாகத்தான் இருந்தது. பிறந்த கன்றுக்குட்டி மாதிரி வெள்ளையாக, ஈரமாக. பிரச்சினை என்னவென்றால் அது கார்த்திகை. காற்றே ஈரத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த மாதம். திங்கட்கிழமை காயவில்லை. புதன்கிழமையும் பசையாக இருந்தது. அதற்குள் இரண்டு பலா இலை, ஒரு கோழி இறகு, கணக்கில்லாத கொசு, என் மனைவி உணக்கப் போட்டிருந்த வற்றல் மிளகாயின் விதை எல்லாம் அதில் குடியேறியிருந்தன. வாடை வேறு. ஐஸ் பிளாண்டின் அம்மோனியாவை மூக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் இங்கும் அதே அம்மோனியா. ஓவர்டைம் பார்ப்பதுபோல் இருந்தது.

குலசேகரத்துக்குப் போன் செய்தேன்.

"பின்ன உணங்குமாலே?" என்றான். "ஷீட்ட நாங்க புகைப்புரையில தொங்கப் போடுவோம். மழைக்காலத்துல புக இல்லாம ரப்பர் உணங்கி நீ எங்க கண்ட?"

புகை. அதுதானே! மறுநாள் காலை விடுப்பு எடுத்தேன். தேங்காய்த் தொண்டும் கதம்பை நாரும் ஒரு இரும்புச் சட்டியில் போட்டு மூட்டி, வண்டிக்கு அடியில் தள்ளப்போன சமயம் மனைவி வந்து சட்டியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"பெட்ரோல் டேங்குக்குக் கீழ தீயா? உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருந்தா தனியாப் போங்க. என்ன ஏன் கூட்டிட்டுப் போறிய?"

நியாயமான கேள்வி. சட்டியைப் பத்தடி தள்ளிப் பலா மரத்தடியில் வைத்து, முறத்தால் விசிறிப் புகையை வண்டிப் பக்கம் அனுப்பினேன். புகையில் பாதி வண்டிக்கும் மீதி என் கண்ணுக்கும் போனது. மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை எழுந்தது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவதில் அவர் எங்கள் தெருவிலேயே பேர் எடுத்தவர்.

"பிரசவம் எப்ப ஆச்சு சாரே?"

நான் முறத்தை இன்னும் வேகமாக விசிறினேன்.

"நல்லாக் குளிப்பாட்டியாச்சா? புக காதுக்குள்ள போகாமப் பாத்துக்கிடுங்க. வெள்ளப்பூடு லேகியம் கிண்டி வச்சிருக்கேன், தரட்டா?" என்றவர், உள்ளே திரும்பி, "ஏட்டி, ஓடி வா, இஞ்ச ஒரு காரியம் பாரு" என்று மகளையும் கூப்பிட்டார். அன்று மத்தியானத்துக்குள் அந்த மதிலுக்கு இருக்கை வசதி செய்து கொடுத்திருந்தால் நல்ல வருமானம் பார்த்திருக்கலாம்.

ஆனால் ரப்பர் காய்ந்தது. ஐந்து நாள் புகை போட்டதில், பனங்கற்கண்டு நிறத்தில் இறுகிவிட்டது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நான் முறத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவின் மதிலைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தேன். வண்டியையும் மறுபடி பிளாண்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பயம் போனதும் மனிதன் செய்யும் முதல் வேலை, பயம் வந்த இடத்துக்கே திரும்பப் போவதுதான்.

டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, மச்சினன் பேசினான். லீவு முன்னாலேயே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். அப்பா காரில் வந்து கூட்டிக்கொள்வார். வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, அங்கிருந்து அவன் பைக்கில் அஞ்சுகிராமம் போவான்.

சனிக்கிழமை காலை தோலை உரிக்க உட்கார்ந்தேன். வலது பக்கம் முதலில். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி மெல்ல இழுத்தால், சத்தியமாகச் சொல்கிறேன், வீடியோவில் வந்ததுபோலவே வந்தது. உள்ளே மெரூன் நிறம், கடையில் எடுத்த அன்றைய மெரூன். பொன் கோடு மட்டும் டேங்கை விட்டுவிட்டு ரப்பரோடு வந்துவிட்டது. அது வரைந்த கோடு இல்லை, ஒட்டிய ஸ்டிக்கர் என்பது அப்போதுதான் தெரிந்தது. சரி, ஸ்டிக்கர் கோட்டாற்றில் கிடைக்கும். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளே "கொள்ளாம்" என்று பாராட்டினாள். இருபது வருடத்தில் நான்காவது கொள்ளாம்.

அந்த உற்சாகத்தில் இடது பக்கத்தைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன். பாதி வந்து, கொப்புளம் இருந்த இடத்தில் இறுகி நின்றது. இன்னொரு இழுப்பு. கையகலத்துக்குப் பெயின்டும், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் விரல் தடிமனுக்கு ஏதோ ஒரு கட்டியும் ரப்பரோடு பெயர்ந்து என் மடியில் விழுந்தது. டேங்கில் ஒரு குழி. குழிக்குள் செம்மண் நிறத்தில் துரு.

மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அவள் திட்டாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

உரித்த தோலைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் பொதியைப் பிரித்து, அந்தச் சாம்பல் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த களை.

"இது எனக்க பணியாக்கும் சாரே."

"எது?"

"இந்தப் பட்டி. குழிய அடைக்க நான் வச்சது."

பிறகு அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னது இது: வண்டி வாங்கிய முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பாட்டுக் குழுப் பயிற்சிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு என் மச்சினன் முட்டத்துக்குக் கடல் பார்க்கப் போயிருக்கிறான். வளைவில் வழுக்கி விழுந்து, டேங்க் ஒரு கல்லில் மோதிக் குழி விழுந்துவிட்டது. அஞ்சுகிராமத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று, முதல் சர்வீஸ் என வீட்டில் சொல்லிவிட்டு இங்கே கொண்டுவந்து, குழியைப் பட்டி வைத்து நிரப்பி, பெயின்ட் அடித்து, அடித்தது தெரியாமலிருக்க ஸ்டிக்கர் கோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"அன்னைக்குத் தட்டிப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பட்டிக்கு அடியில ஈரம் எறங்கியிருக்கு. கவருக்குள்ள வச்சிருந்தாலும் இது ஒருநாள் பொரியும். நீரு கொண்டு போய் உப்புல குளிப்பாட்டினதுல சீக்கிரம் ஆச்சு, அம்புட்டுத்தான்."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்ல மாட்டேன்னு அவங்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. இப்பவும் நான் சொல்லல்ல. உமக்க ரப்பராக்கும் சொல்லிச்சு."

திங்கட்கிழமைக்குள் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். பட்டி காய வேண்டும், பெயின்ட் காய வேண்டும், வியாழக்கிழமை ஆகும் என்றார். "புக போட்டா சீக்கிரம் உணங்குமா?" என்று அவராகவே கேட்டுவிட்டுச் சிரித்தார். விஷயம் மெயின் ரோடு வரை வந்திருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கார் வாசலில் நின்றது. மாமனார் நேரே உள்ளே போய், மகள் நீட்டிய காப்பியை வாங்கி, அதில் சீனி குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினன் பெட்டியைக்கூட இறக்காமல் சாய்ப்புக்கு வந்தான். நான் உறையைத் தூக்குவதற்கு முன், அவன் கை உறைக்குள் நுழைந்து, டேங்கின் இடது பக்கம், அடி விளிம்பில், சரியாக அந்த இடத்தில் போய் நின்றது. கண் என்னைப் பார்த்தது. கட்டைவிரல் குழிக்குள் இருந்தது.

"நான் ஓட்டினேன் மக்கா," என்றேன். "கடக்கரைக்கு. ஐஸ் பிளாண்டுக்கு. தெனமும். ராஜான்னு சொன்னது பொய்."

"அது போட்டும் அத்தான்." குரல் தாழ்ந்துவிட்டது. "பட்டி எளகிச்சா? அப்பா பாத்தாரா?"

"இன்னும் இல்ல."

அவன் மூச்சு விட்டான். எனக்கு அந்தக் கேள்வி அப்போதுதான் வந்தது. "ஏன்டே, அஞ்சுகிராமத்துல அம்புட்டுப் பெரிய ஷெட்டு இருக்கு. பின்ன எதுக்கு எங்கிட்ட விட்டுட்டுப் போன?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பான்னா தெனமும் தொடச்சு, தட்டித் தட்டிப் பாப்பாரு. கண்டுபிடிச்சிருவாரு. நீங்கன்னா..."

"நான்னா?"

"நீங்க ஒண்ணையும் உத்துப் பாக்க மாட்டியல்லா அத்தான்."

கடுகு, வெந்தயம், உளுந்து என்று அளந்தவனிடம் இதைச் சொன்னான். நான் சமையலறையில் போய்த் துடைத்துக்கொண்ட கண்ணீரைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று யோசித்தேன்.

யோசித்து முடிப்பதற்குள் மாமனார் காப்பி டம்ளரோடு வந்துவிட்டார். உறை பாதி விலகியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார்.

"என்ன இது?"

மச்சினனின் முப்பது வயது முகம் பத்து வயது முகமாகிவிட்டது. சர்ச் வாசலில் நின்று கீறல் காட்டச் சொல்லும் மனிதர் அவர். இரண்டு வாக்கியம் போதும் எனக்கு. முட்டம், பாட்டுக் குழுப் பயிற்சி. இருபது வருடத்துப் பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம். வாயும் திறந்துவிட்டது.

"நான் ரப்பர்பால் பூசினேன் மாமா," என்றேன். "துரு பிடிக்காம இருக்கதுக்கு. உரிச்சப்ப கூட வந்துட்டு."

"ரப்பர்பாலா?"

"ஆமா மாமா. புகையும் போட்டேன்."

மாமனார் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரப்பர் உரிச்சா பெயின்டு போகும். தகரத்துல குழி விழுமா மாப்ள?"

"உரிச்ச வேகம் மாமா."

"அப்பா, அது வந்து..." என்று மச்சினன் ஆரம்பித்தான். நான் அவன் காலை என் செருப்பால் நன்றாக மிதித்தேன். கனடாவில் வாங்கிய ஷூ, உறைத்திருக்காது. ஆனால் நிறுத்திக்கொண்டான். மதிலுக்கு மேல் அக்காவின் தலை வந்து, "அஞ்சு நாளு புக போட்டாரு சாரே, நானே சாட்சி" என்று கேட்காமலே சொன்னது. அதோடு வழக்கு முடிந்தது.

மாமனார் டம்ளரை என் கையில் தந்தார். "உம்மச் சொல்லிக் குத்தமில்ல. உம்மட்டக் குடுத்தான் பாத்தீரா, அவனச் சொல்லணும்." மகன் பக்கம் திரும்பினார். "ஒரு கீறல் இல்லாம வச்சிருந்தியேலே."

"ஆமாப்பா," என்றான் மச்சினன், குரல் வெறும் காற்றாக.

கிறிஸ்துமஸ் விருந்தில் கோழிக் குழம்பு ஊற்றும்போதுகூட மாமனார் இந்தக் கதையைச் சொன்னார். உரிச்ச வேகம் என்ற இடம் வரும்போது எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் நன்றாகச் சிரித்தேன். பந்தியில் எனக்கு எதிரே இருந்த மச்சினன் மட்டும் சிரிக்காமல், தன் இலையில் இருந்த கோழிக்காலை எடுத்து என் இலையில் வைத்தான்.

மெக்கானிக் டேங்கைச் சொரண்டி, குழியை உள்ளிருந்து தட்டி எடுத்து, புதிதாக அடித்துத் தந்தார். பொன் கோடு இல்லை, வேண்டாம் என்று மச்சினன் சொல்லிவிட்டான். இப்போது அந்த டேங்கில் ஒளித்து வைக்க ஒன்றும் கிடையாது. ஜனவரியில் அவன் புறப்படும்போது மாமனார் ஷெட்டைப் பெருக்கி, தரையில் ஒரு சாக்கும் விரித்து வைத்திருந்தார்.

"அது அத்தான் வீட்டுலேயே கெடக்கட்டும்ப்பா," என்றான் மகன்.

மாமனார் எங்கள் இருவரையும், எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் அதே கணக்கைத் தப்பாகப் போடும் இரண்டு பையன்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சாவியோடு ஒரு டப்பா மெழுகும் தந்தான். "ஓட்டுங்க அத்தான். பிளாண்டுக்கும் கொண்டு போங்க. வீட்டு வெள்ளத்துல கழுவிட்டு இத ஒண்ணு தேச்சு விட்டாப் போதும். பாலு மட்டும் வேண்டாம்."

மழைக்காலம் மறுபடி வந்துவிட்டது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் கழுவி, துடைத்து, மெழுகு தேய்க்கிறேன். தேய்க்கும்போது இடது பக்க விளிம்பில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக உத்துப் பார்க்கிறேன். வலது பக்கத்திலிருந்து முழுசாக வந்த ரப்பர் தோலை நான் களையவில்லை. பொன் கோட்டோடு ஸ்கூட்டர் சீட்டுக்கு மழை உறையாகப் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் அடித்தால் இளகிப் பேன்ட்டில் ஒட்டிக்கொள்ளும். போன வாரம் ஒருநாள் ஸ்கூட்டரில் ஐஸ் பிளாண்டுக்குப் போய் இறங்கி நடந்தபோது, அது என் பின்னாலேயே கூட வந்தது.